இறங்க வேண்டிய இடம்

கிருபானந்தம் கண்டக்டராக இருந்த பஸ்ஸில் ஏறியவர்கள் யாரும் தப்பான இடத்தில் இறங்கியதாகச் சரித்திரம் கிடையாது. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பழைய ஆட்கள் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். டிக்கெட் கிழிக்கும்போதே போகிற வீடு எது என்பது வரைக்கும் விசாரித்துவிடுவார். இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே வந்து பக்கத்தில் நின்றுகொள்வார்.

"அடுத்தது விட்டு அதுக்கடுத்தது. பையெல்லாம் கையில எடுத்துக்கோ. எறங்கினதும் பீச்சாங்கைப் பக்கம் சைக்கிள் கடை இருக்கும், அத ஒட்டுனாப்புல போ" என்பார்.

இந்த ஆளுக்கு ஏன் இந்த வேலை என்று டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவருக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில், குடிபாலாவில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர் தூங்கிப்போனார். இவர் எழுப்ப மறந்து வேலூர் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். பெரியவர் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "வேற பஸ்ல திரும்பிக்கிறேன், தம்பி" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். அந்த முகம் கிருபானந்தத்தை விடவே இல்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. நடுவழியில் யாராவது நிறுத்தச் சொன்னால், "அங்க ஸ்டாப்பு இல்லம்மா" என்று கண்டிப்பாகச் சொல்லுவார். சொன்ன வாய் மூடுவதற்குள் விசிலை ஊதி இறக்கியும் விடுவார். இதெல்லாம் ஒரு கண்டிப்பா?

கடைசிப் பன்னிரண்டு வருஷம் அவருக்குக் கிடைத்தது, யாரும் கேட்டு வாங்காத டியூட்டி. மத்தியானம் சித்தூரில் கிளம்பி, திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை என்று ஊர் ஊராக நின்று, பொழுது சாயும் நேரத்துக்குக் கடற்கரையில் முத்தியாலதிப்பா என்கிற மீனவர் ஊரில் போய் முடியும் பஸ். ராத்திரி அங்கேயே தங்கல். காலையில் ஆறரைக்குத் திரும்ப வேண்டும். டிரைவர் பஸ்ஸிலேயே படுத்து ஆறு மணி வரைக்கும் குறட்டை விடுவார். கிருபானந்தம் ஐந்து மணிக்கே எழுந்து சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய்விடுவார்.

அந்தக் கரையில் மனுஷ வாடையே கிடையாது. ஆட்களும் படகுகளும் ஊர்ப் பக்கத்தோடு சரி. தெற்கே பார்த்து நடந்தால் மணலும் அலையும்தான். குளிர்காலத்தில் எங்கிருந்தோ வந்து அலை பின்வாங்குகிற சந்தில் ஓடி ஓடிப் பொறுக்கும் உள்ளான் குருவிகள் இருந்தன. தூரத்தில் கடற்காகங்கள் மிதந்தன. முதல் வருஷம் அவருக்கு ஒரு பறவையின் பேர்கூடத் தெரியாது. பிறகு ஒரு பழைய பறவைப் புத்தகம் வாங்கி, பஸ் கிளம்பக் காத்திருக்கும் நேரத்தில் எல்லாம் புரட்டிப் புரட்டி, ஒவ்வொன்றாகப் பேர் வைத்துப் பழகினார்.

அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது ஆலா. அதிலும் சின்ன ஆலா. புறாவில் பாதிகூட இருக்காது. வெள்ளை உடம்பு, தலையில் கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் றெக்கையடித்தபடி நின்று, பட்டென்று தலைகீழாக விழுந்து மீனோடு எழும்பும். கூடு கட்டுகிற சோலியே அதற்குக் கிடையாது. வெறும் மணலில் வயிற்றை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு குழி விழும். அதில் இரண்டு முட்டை, சில சமயம் மூன்று. மணல் நிறத்தில் புள்ளி வைத்த முட்டை. காலுக்குப் பக்கத்தில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் அந்த முட்டைக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு.

பஸ்ஸில் அழுகிற பிள்ளைகளை அடக்குவதற்கு இந்த ஆலா கதையைத்தான் முதலில் சொல்ல ஆரம்பித்தார். அழுகை நின்று, "அப்பறம்?" என்று கேட்கும் பிள்ளைகள் சில, இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். கதைகளை நோட்டில் எழுதினார். பால்பாயிண்ட் பேனாவாலேயே படம் போட்டார். வேலூரில் சின்ன அச்சகம் வைத்திருக்கும் வேதாச்சலம் என்பவர், நல்ல மனுஷன், இருபத்து நாலு பக்கம், இரண்டு பின் அடித்த புத்தகமாகப் போட்டுக் கொடுத்தார். இப்படி மூன்று புத்தகம் வந்தது. மூன்றாவதுதான் ஆலா புத்தகம். அதற்கு 'மணல் முட்டை' என்று பேர் வைத்தார்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் கடைசிப் பக்கத்தில் ஒரு தலைப்பு இருக்கும். 'இறங்க வேண்டிய இடம்' என்று கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த நிறுத்தம், இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று எழுதி ஒரு வரைபடமும் போட்டுவிடுவார். 'கடைசி நிறுத்தத்தில் இறங்கு. சவுக்குத் தோப்பின் ஓரமாக எழுநூற்று இருபது அடி நடந்தால், விளக்கு இல்லாத ஒரு இரும்புக் கம்பம் வரும். அங்கிருந்து கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டு நானூறு அடி. அங்கே நின்று பார்.' கதையைக் கேட்டவனைப் பாதி வழியில் விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வராது.

ஆனால் அந்தப் புத்தகங்களைப் படிக்கத்தான் ஆள் இல்லை. சித்தூரில் கிரீம்ஸ்பேட்டைப் பக்கம் இருக்கிற தமிழ்ச் சபையில் கிறிஸ்மஸுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்று ஒன்று கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் படிப்பது தெலுங்கும் இங்கிலீஷும். ஞாயிற்றுக்கிழமை பாடுகிற தமிழ்ப் பாட்டைக்கூடத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். படத்தைப் பார்த்தார்கள், கொக்கு என்றார்கள், வைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, சபையின் ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க எதையோ மடித்துச் செருகியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் 'மணல் முட்டை'. அவர் அதை மறுபடி மடித்து இருந்த இடத்திலேயே செருகிவிட்டு வந்தார். சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது?

ரிட்டயர் ஆன வருஷமே வீடும் காலியாகிவிட்டது. மகள் ஹெப்சிபா திருப்பதியில் கொர்லகுண்டாவில் குடியிருக்கிறாள். நர்ஸ் வேலை. மருமகனுக்கு மார்க்கெட்டிங் உத்தியோகம், மாதத்தில் பாதி நாள் வெளியூர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கிருபானந்தத்தின் மனைவி ஜெயசீலி போனவள், போனவள்தான். ஒரு ரூமும் ஹாலும் உள்ள வீடு. மாமனாரையும் கூட்டி வைத்துக்கொள்ள அங்கே இடம் கிடையாது. யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சித்தூரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். பக்கத்தில் இருப்பதால்தான் யாரும் அதை ஒரு பிரிவாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெயசீலி தினம் சாயங்காலம் போன் பண்ணுவாள். "இன்னா துன்னீங்க?" என்பாள். அவர் சொல்வார். "சரி, குக்கர் கூவுது, வெக்கிறேன்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. பறவைப் பைத்தியத்தை அவள் ஆரம்பத்திலிருந்தே கிண்டல் பண்ணுவாள். "இவருக்கு பஸ்ஸு மூத்த சம்சாரம், கொக்கு எளைய சம்சாரம். நடுவுல நான் யாருன்னு இன்னும் தெரியல" என்று சபை முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கிண்டலைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது நினைத்துக்கொள்வார்.

அவருக்கு என்று இருந்த ஒரே வாசகி பேத்தி கேசியா. வயது ஒன்பது. அவளுக்கும் தமிழ் படிக்க வராது. ஆனால் தாத்தா திருப்பதிக்குப் போனால் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, "படி" என்பாள். அவர் படிப்பார். முடிந்ததும் பஸ் விளையாட்டு. ஹாலில் இரண்டு நாற்காலியைப் போட்டு அவள் பயணியாக உட்கார்ந்துகொள்வாள்.

"கண்டக்டர், முட்டை இருக்குற எடத்துல எறங்கணும்."

"அங்க ஸ்டாப்பு இல்லம்மா."

"விசிலு ஊது, தாத்தா."

அவர் சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்து ஊதுவார். அவள் நாற்காலியிலிருந்து குதித்து, எழுநூற்று இருபது அடியும் நானூறு அடியும் ஹாலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்து முடித்து, "வந்துட்டேன்" என்பாள். உள்ளேயிருந்து ஜெயசீலி, "காது கிழியுது, ரெண்டும் வெளிய போங்க" என்று கத்துவாள். வாரத்தில் அவர் வாழ்ந்தார் என்றால் அந்த ஒரு மணி நேரம்தான்.

"ஏன் தாத்தா தெலுங்குல போடல? எங்க கிளாஸ்ல எல்லாரும் படிப்பாங்க" என்று ஒருநாள் கேட்டவளும் கேசியாதான். புத்தகத்தைத் தன் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டாள். அவளுடைய யமுனா டீச்சருக்குப் பூர்வீகம் பலமனேர் பக்கம், தமிழும் தெலுங்கும் நன்றாகப் படிப்பார். ஒரே வாரத்தில் 'மணல் முட்டை'யைத் தெலுங்கில் எழுதி முடித்து, பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்த அச்சகத்தில் கொடுத்து, ஜனவரியில் புத்தகமாகவே கொண்டுவந்துவிட்டார். கடைசிப் பக்கமும் வரைபடமும் அப்படியே இருந்தன.

பிப்ரவரியில் ஒரு கட்டுக் கடிதம் வந்தது. நாற்பத்து மூன்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். ஆலாவுக்குக் கறுப்புத் தொப்பியை யார் கொடுத்தது என்று ஒருத்தன் கேட்டிருந்தான். வெயிலில் முட்டை வெந்துவிடாதா என்று ஒருத்தி. கிருபானந்தம் அதை எல்லாம் கட்டிலில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். நாற்பத்து மூன்றுக்கும் பதில் எழுதினார். அறுபத்திரண்டு வயதில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது என்று அவருக்கே தோன்றியது.

மார்ச் கடைசி ஞாயிறு சாயங்காலம் கேசியா போனில் அழுதாள்.

"ஸ்கூல்லேர்ந்து எல்லாரும் முட்ட பாக்க போய்ட்டாங்க, தாத்தா. மூணு பஸ்ஸு. எனக்கு ஜொரம்னு அம்மா அனுப்பல. உன் புக்க கையில வெச்சிக்கினு எல்லாரும் போனாங்க. நான்தான் போவல."

அவருக்குத் துக்கமும் வந்தது, உள்ளுக்குள் ஒரு பெருமையும் வந்தது. மூன்று பஸ். தன் புத்தகத்தை நம்பி. "அழாத கண்ணு. நானே உன்ன இட்டுக்கினு போறேன். முட்டையெல்லாம் பொரியட்டும், குஞ்சு ஓடுற நேரத்துக்குப் போலாம். மொதல்ல நான் போய் பாத்துட்டு வர்றேன்" என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுவாரம் போனார். தன் பழைய பஸ்ஸிலேயே பயணியாக உட்கார்ந்து போய், ஊரில் தெரிந்தவரான கங்கையா வீட்டில் தங்கினார். கங்கையா மீன்பிடிக்கிறவர். பன்னிரண்டு வருஷப் பழக்கம். விடியற்காலையில் இருவரும் சவுக்குத் தோப்பு ஓரமாக நடந்தார்கள். வழக்கமாக அந்த நேரத்துக்குத் தலைக்கு மேலே ஆலாக்கள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு விரட்ட வரும். ஒன்றும் வரவில்லை.

இரும்புக் கம்பத்திலிருந்து அவர் அடி எண்ணி நடந்தார். மணலில் இன்னும் சின்னச் செருப்புத் தடங்கள் இருந்தன. நூற்றுக்கணக்கில். எல்லாம் கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டு நேராகப் போயிருந்தன. முந்நூற்றுத் தொண்ணூறு, முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து, நானூறு. அங்கே தடங்கள் எல்லாம் நின்று, வட்டமாகப் பரவி, ஒன்றின் மேல் ஒன்று மிதித்திருந்தன. அந்த வட்டத்துக்குள்தான் முட்டைகள் இருந்தன. நசுங்கிய ஓடுகள் மணலோடு காய்ந்து ஒட்டிக் கிடந்தன. பிள்ளைகள் ஓர் அடிகூடத் தப்பாக நடக்கவில்லை.

கங்கையா தெலுங்கில்தான் பேசுவார். அவர் சொன்னது இது. "நல்ல பிள்ளைங்கப்பா. சத்தம்கூடப் போடல. புத்தகத்துல சொன்ன எடத்துல வந்து நின்னு, பறவ எங்கே, முட்ட எங்கேன்னு ஆகாசத்தப் பாத்துக்கினு இருந்தாங்க. கீழே பாக்கல. பாத்தாலும் தெரியுமா? எனக்கே தெரியாது. வெயில் ஏர்ற வரைக்கும் இருந்தாங்க. பறவைங்க எறங்கவே முடியல. மிச்சம் இருந்தத சாயங்காலம் நாய் வந்து துன்னுட்டுது."

எல்லாம் சரியாக எழுதியிருந்தார். 'அங்கே நின்று பார்' என்று எழுதினவர், அந்த இடத்தில்தான் காலடியில் முட்டை இருக்கும் என்பதை எழுதவில்லை. பன்னிரண்டு வருஷம் அந்த வழி நடந்த காலுக்கு, எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்லாமலே தெரியும். பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? பயணியை இறக்கிவிடுகிற அவசரத்தில் இறங்குகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று இந்தக் கண்டக்டர் பார்க்கவில்லை. அவர் மணலில் உட்கார்ந்து அழுதார். கங்கையா பக்கத்தில் பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றார்.

யமுனா டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் கூட்டிப்போனார். சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த ஆலாக்கள். ஒவ்வொன்றும் கறுப்புத் தொப்பியோடு. பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இவர்களிடம் போய், நீங்கள் மிதித்துவிட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? அதிலும் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் கேசியா. முன் பெஞ்சில் உட்கார்ந்து, தாத்தாவை ஊருக்கே தந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லவில்லை. வீட்டில் ஜெயசீலியிடமும் சொல்லவில்லை. கேசியாவிடம் மட்டும், "இந்த வருஷம் பறவைங்க சீக்கிரமே போய்ட்டுதும்மா. அடுத்த வருஷம் போலாம்" என்றார். அது பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த வருஷம் மார்ச்சிலிருந்து மூன்று தடவை போய்வந்தார். பழைய இடத்தில் ஓர் ஆலாகூட இறங்கவில்லை. மூன்றாவது தடவை, ஏப்ரல் தொடக்கத்தில், தெற்கே வெகுதூரம் நடந்து, கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டி அக்கரைக்குப் போனார். அங்கே தலைக்கு மேலே கீச்சென்ற சத்தம் கேட்டது. அப்படியே அசையாமல் நின்றுவிட்டார். ஒரு ஆலா அவர் மண்டையில் கொத்துகிற மாதிரி பாய்ந்து வந்து திரும்பிற்று. ஜென்மத்தில் அவர் கேட்ட நல்ல வசவு அதுதான். நின்ற இடத்தில் நின்றபடியே கண்ணால் தேடித் தேடி எண்ணினார். பதினொரு குழி.

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. போனைக் கையில் எடுத்தார். கேசியாவுக்குப் போன வருஷம் தந்த சத்தியம் நினைவில் இருந்தது. அவளை இங்கே கூட்டிவந்து, தூரத்தில் உட்கார வைத்து, "அதோ பார்" என்று காட்ட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் இன்னொரு ஆசை மிச்சம் இல்லை. ஆனால் கேசியா யார்? அவர் பேத்தி. அழகான ஒன்றைப் பார்த்தால் பத்துப் பேரிடம் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அம்மாவின் போனில் படம் எடுப்பாள், வகுப்பு குரூப்பில் போடுவாள், எந்த பஸ், எத்தனை அடி என்றும் சொல்லிவிடுவாள். தப்பு என்று நினைத்துச் செய்ய மாட்டாள். அவரும் அப்படித்தானே செய்தார்?

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு சவுக்குக் கிளையை ஒடித்து, தண்ணீர் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து, வந்த தடத்தை எல்லாம் கூட்டி அழித்தார். நாய்கள் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும். நாய்கள் மட்டும் இல்லை. பயணிகளுக்கெல்லாம் வழி சொல்லியே தேய்ந்த மனுஷன், குனிந்து குனிந்து தன் வழியையே அழித்துக்கொண்டு போனார். கங்கையாவிடம்கூட மூச்சு விடவில்லை.

அங்கிருந்து நேராகத் திருப்பதிக்கு வந்தார். கதவைத் திறந்தது கேசியா.

"வந்துச்சா, தாத்தா?"

"வரலம்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட வரல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஈரம் காயாமல் மணல் ஒட்டியிருந்த பேண்ட்டின் கீழ்மடிப்பைப் பார்த்தாள். அன்றைக்கு பஸ் விளையாட்டு வேண்டுமா என்று அவர்தான் கேட்டார். "ஹோம்வொர்க் இருக்குது" என்று சொல்லிவிட்டாள். ஜெயசீலி சாம்பார் ஊற்றிக்கொண்டே, "இன்னா, எளைய சம்சாரம் ஊட்ட விட்டு ஓடிட்டாளா?" என்று கேட்டாள். எத்தனையோ நாள் கழித்துக் கேட்ட கிண்டல். அவரால் சிரிக்க முடியவில்லை.

சித்தூருக்குத் திரும்பி அவர் செய்த காரியம் புத்திசாலியான யாரும் செய்யாதது. மறுபடி எழுத உட்கார்ந்தார். எழுதாமல் இருக்க முடியவில்லை. தினம் சாயங்காலம் "இன்னா துன்னீங்க" முடிந்த பிறகு அந்த வீட்டில் பேசுவதற்கு நோட்டைத் தவிர வேறு யாரும் இல்லையே. வீட்டை இழந்த ஆலாக்கள் வேறு இடம் தேடிப் போன கதையை எழுதினார். யார் மிதித்தது என்று எழுதவில்லை. 'கனமான கால்கள்' என்று மட்டும் எழுதினார். கடைசியில், 'இந்த வருஷம் பதினொரு குழி. என் கண்ணால் எண்ணினேன்' என்று எழுதினார். பேத்தியிடம் வாயால் பொய் சொல்ல முடிந்தவருக்குப் புத்தகத்தில் பொய் எழுதக் கை வரவில்லை. பன்னிரண்டு என்று கூட்டவும் மனசில்லை, ஒன்றுமில்லை என்று மறைக்கவும் மனசில்லை.

யமுனா டீச்சர் அதையும் தெலுங்கில் போட்டார். "கடைசிப் பக்கம் அனுப்பலியே, சார்?" என்று கேட்டார். இந்தத் தடவை வேண்டாம் என்றார். ஆனால் அச்சகத்தில் பழைய தலைப்பு ஏற்கெனவே இருந்ததால் அது மட்டும் வந்துவிட்டது. 'இறங்க வேண்டிய இடம்' என்று கொட்டை எழுத்து. கீழே வெறும் வெள்ளைத் தாள்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் போன் அடித்தது. ஜெயசீலி என்று எடுத்தார்.

"தாத்தா, புக்கு வந்துச்சு" என்றாள் கேசியா.

"படிச்சியா கண்ணு?"

"ரெண்டு வாட்டி படிச்சேன்." தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "பதினொரு குழின்னு போட்டுக்கிற. எப்ப பாத்த?"

பழைய கதை, கற்பனை, சும்மா எழுதினது என்று பதில் சொல்ல நாலைந்து வழி இருந்தது. எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. "போன ஏப்ரல்ல" என்றார்.

"அன்னிக்கு வரலன்னு சொன்னியே."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நான் உன் பேண்ட்ட பாத்தேன், தாத்தா. எனக்கு அன்னிக்கே தெரியும். நீயே சொல்லுவன்னு இருந்தேன்." மறுபடி தாள் புரண்டது. "கடைசிப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல. எந்த பஸ்ஸுன்னு போடல. நான் எங்க எறங்கணும்?"

இந்தக் கேள்விக்கு முப்பத்தொரு வருஷத்தில் அவர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. குடிபாலாப் பெரியவர் வேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்ற முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பதினொரு குழியும் வந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் ஆலாக்கள் திரும்பி வருகிற காலம்.

"அங்க ஸ்டாப்பு இல்லம்மா" என்றார்.

பிறகு மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "விசிலு ஊது, தாத்தா" என்றாள்.

விசில் எதிரே ஆணியில் மாட்டியிருந்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் கைக்கு எட்டும். அவர் எழுந்திருக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே, பொல்லாத வேகத்தோடு ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் காத்திருந்தாள். அவரும் அவள் போனை வைக்கட்டும் என்று காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெயசீலியின் குரல் வந்தது. "இன்னாங்க சொன்னீங்க கொழந்தைய? போன என் கையில குடுத்துட்டு அழுதுக்கினு போவுது."

"ஒண்ணும் சொல்லல" என்றார்.

"சரி. இன்னா துன்னீங்க?"